செஸ்னா 182-இல் செயற்கைக்கோள் இணையம்: வாங்குவதற்கு முன் சில கேள்விகள்

தாழ்வானம்:

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய சிறு விமானமான பழைய செஸ்னா 182 டெக்சஸ் மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் விமான நிலையத்தில் நிற்கிறது. அங்கிருந்து நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபேவுக்கு ஆண்டில் ஆறேழு முறை மனைவியுடன் பறந்து செல்கிறேன். எதிர்க்காற்று இருந்தால் நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடும் பயணம் அது.

கடந்த மே மாதம் காலையில் கிளம்பும்போது ரேடார் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. பிற்பகலில் மேற்கு டெக்சஸின் லப்பக் நகரை நெருங்குவதற்குள் மேற்கு வானில் கோபுரங்களைப் போல மேகங்கள் எழும்பி நின்றன. நான் திரும்பி வந்து வழியிலிருந்த ஒரு சிறிய நிலையத்தில் இறங்கினேன். முடிவில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதை அரை மணி நேரம் முன்னதாக எடுத்திருக்க முடியும் என்ற எண்ணம் போகவில்லை. சாண்டா ஃபேவில் காத்திருந்த மகளுக்கு நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது இரண்டு மணி நேரம் தெரியாமலே இருந்தது.

தரைநிலையங்கள் அனுப்பும் வானிலைத் தகவலைப் பெறும் ஏடிஎஸ்-பி கருவியும் ஐபேடும் என்னிடம் உள்ளன. இப்போது செயற்கைக்கோள் இணையம் தரும் சிறிய தட்டான ஸ்டார்லிங்க் மினி வாங்கலாமா என்று யோசிக்கிறேன். பின்பக்கக் கண்ணாடியின் கீழ் வைத்தால் அது வேலை செய்யுமா? என் விமானத்தின் 14 வோல்ட் மின்னமைப்பு தாங்குமா? எந்தத் திட்டத்தில் சேர வேண்டும்? இவற்றையெல்லாம்விட முக்கியமாக, இதனால் நாங்கள் உண்மையிலேயே பாதுகாப்பாகப் பறப்போமா, அல்லது பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொள்வோமா?

பழைய அலைவரிசை:

இதே கேள்வியைப் பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், உங்கள் விமானத்தின் விலையைவிட இணைப்பின் விலை அதிகம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இன்று அப்படிச் சொல்ல முடியாததற்கான காரணம் தெரிந்தால் மற்றக் கேள்விகளுக்கும் தெளிவு கிடைக்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இன்மார்சாட் போன்ற பழைய அமைப்புகளின் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. அலை மேலே சென்று கீழே வர ஏறத்தாழ கால் நொடி ஆகும். கேள்வியும் பதிலும் சேர்ந்தால் அரை நொடி. காத்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவ்வளவு தொலைவுக்கு வேகமான இணைப்பு வேண்டுமென்றால், செயற்கைக்கோளையே குறிபார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கும் ஆன்டெனா வேண்டும். அதை வாலில் சுமக்கும் வசதி பெரிய ஜெட் விமானங்களுக்கே இருந்தது.

இரிடியம் நிறுவனம் வேறு வழியில் சென்றது. 66 செயற்கைக்கோள்கள் 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களைக் கடந்து சுற்றுகின்றன. 1998-இல் சேவை தொடங்கியபோது தரவு வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட் மட்டுமே. 2017 முதல் 2019 வரை ஏவப்பட்ட புதிய தலைமுறைச் செயற்கைக்கோள்களால் 88 முதல் 704 கிலோபிட் வரை கிடைக்கிறது. உள்ளங்கை அளவு ஆன்டெனாவில் நிலைய வானிலை அறிக்கையும் குறுஞ்செய்தியும் உலகின் எந்த மூலையிலும் வந்து சேரும். ஆனால் அது நாம் வீட்டில் இணையம் என்று சொல்லும் அளவுக்கு வராது. அமெரிக்காவுக்குள் கோகோ நிறுவனம் தரையில் கோபுரங்களை நட்டு வானை நோக்கி இணைப்புக் கொடுத்தது. அதுவும் வணிக ஜெட்களை மனத்தில் வைத்தே வளர்ந்தது.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் 480 முதல் 550 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் உள்ளன. ஆன்டெனாவில் அசையும் பாகம் எதுவும் இல்லை. கற்றையை மின்னணு முறையிலேயே திருப்புகிறார்கள். ஆனாலும் 2022 அக்டோபரில் விமானங்களுக்கான சேவையை அறிவித்தபோது கருவிக்கு 1,50,000 டாலர், மாதக் கட்டணம் 12,500 முதல் 25,000 டாலர் வரை என்றார்கள். 2024-இல் முதுகுப்பையில் வைத்துக்கொள்ளும் மினி 599 டாலருக்கு வந்தது. எடை 1.1 கிலோகிராம் அளவில்தான். அது விமானத்துக்காகச் செய்யப்பட்ட கருவி அல்ல. மலையேறுபவருக்காகவும் வேனில் பயணம் செய்பவருக்காகவும் செய்த கருவியைச் சிறு விமானிகள் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார்கள். அது வேலை செய்தது. இந்தத் தலைகீழ் வரலாற்றை மறக்காமல் இருந்தால், மினியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது விளங்கும்.

மின்கம்பி:

நான் ஏவியானிக்ஸ், அதாவது விமான மின்னணுக் கருவிகளுக்கான பணிமனையில் வேலை செய்கிறேன். உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அலுமினியம் இந்த அலைகளை விடாது. கண்ணாடியும் அக்ரிலிக்கும் விடும். ஆன்டெனாவுக்கு மேல்நோக்கி ஏறத்தாழ 110 டிகிரி அகலத்திற்கு வானம் தெரிய வேண்டும். 182-இல் இறக்கை மேலே இருப்பதால் முன்பக்க வானத்தை அது மறைக்கும். பின்பக்கக் கண்ணாடியின் கீழே, சாமான் தட்டில் வைத்தால் பின்னும் மேலும் வானம் கிடைக்கும். இணைப்பு அவ்வப்போது சில நொடிகள் அறுந்து சேரும், பெரும்பாலும் பயன்படும். கண்ணாடியிழை உடல் கொண்ட விமானங்களில் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. கரியிழை உடல் அலுமினியத்தைப் போலவே தடுக்கும். முன்கண்ணாடியில் சூடேற்றும் உலோகப் படலம் இருந்தால் அந்த வழியும் அடைபட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்கண்ணாடியின் அடியில், கருவிப்பலகைக்கு மேலே வைப்பவர்கள் பலர் உண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கருவி 50 டிகிரி செல்சியஸ் வரைதான் இயங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். டெக்சஸின் ஆகஸ்ட் வெயிலில் நிறுத்தி வைத்த விமானத்தின் முன்கண்ணாடி அடியில் அந்த வெப்பம் பத்து நிமிடத்தில் வந்துவிடும். காந்தத் திசைகாட்டியும் அருகிலேயே இருக்கிறது. கருவியை இயக்கியும் அணைத்தும் திசைகாட்டி எத்தனை டிகிரி விலகுகிறது என்று பார்க்காமல் அங்கே வைக்கக் கூடாது.

மின்சாரத்துக்கு வருவோம். மினி 12 முதல் 48 வோல்ட் வரை ஏற்கும். வழக்கமாக 25 முதல் 40 வாட் இழுக்கும். 14 வோல்ட் அமைப்பில் 40 வாட் என்பது மூன்று ஆம்பியருக்கும் குறைவு, ஆகவே உங்கள் ஆல்டர்னேட்டருக்கு இது சுமையே அல்ல. சிக்கல் கம்பியில்தான் வரும். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து பின்தட்டு வரை மெல்லிய கம்பியை நீளமாக இழுத்தால், அந்த முனையில் மின்னழுத்தம் 12-க்குக் கீழே சரிந்துவிடும். கருவி தானே அணைந்து மறுபடி தொடங்கும். தொடங்கி இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். இப்படி அணைவதும் தொடங்குவதுமாக இருந்ததைச் செயற்கைக்கோளின் குறை என்று நினைத்துக் கருவியைத் திருப்பியே அனுப்பிவிட்டவரை எனக்குத் தெரியும்.

தனி மின்கலத்தில் இயக்குவதும் நல்ல வழி. 30 வாட்டில் மூன்று மணி நேரம் ஓட 90 வாட்-மணி வேண்டும். மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்தால் 100 வாட்-மணி மின்கலம் அதற்குச் சரியாக இருக்கும், மிச்சம் இருக்காது. ஒருமுறை நான் அப்படியொரு மின்கலத்தை இருக்கைக்குப் பின்னால் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டபோது கை வைக்க முடியாத சூடு. அன்றிலிருந்து மின்கலம் என் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், காற்றுப் படும்படிதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. வெல்க்ரோ மட்டும் போதாது. விமானம் திடீரென நிற்கும்போது ஒரு கிலோ எடையுள்ள தட்டு உங்கள் பின்தலையை நோக்கித்தான் வரும். சாமான் வளையங்களில் பட்டையால் கட்டுங்கள்.

தாழ்வானம்:

மிக்க நன்றி. திட்டம் பற்றி யாராவது சொல்ல முடியுமா? ஸ்டார்லிங்கின் பயணத் திட்டத்துக்கு மணிக்கு 100 மைல் என்னும் வேக வரம்பு உண்டு என்று படித்தேன். என் விமானம் 140 நாட் (மணிக்கு 140 கடல்மைல்) வேகத்தில் பறக்கிறது.

பழைய அலைவரிசை:

100 மைல் என்பது ஏறத்தாழ 87 நாட். 182-ஐ விடுங்கள், பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172-கூட அதைவிட வேகமாகத்தான் பறக்கும். உங்களுடைய 140 நாட் மணிக்கு 161 மைல் ஆகிறது. எனவே தரைப் பயணிகளுக்கான அந்தத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. கருவி தன் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகவே கணிப்பதால், அது அறிவது தரைவேகத்தை மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். எதிர்க்காற்றில் போகும்போது வரம்புக்குள் இருந்த விமானம், திரும்பி வரும்போது வாலில் காற்றைப் பிடித்துக்கொண்டு வரம்பைத் தாண்டிவிடும்.

இந்த வரம்பு முழுக்கத் தொழில்நுட்பத்தின் தேவை என்று நான் நினைக்கவில்லை. செயற்கைக்கோள் மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் தலைக்கு மேல் ஓடுகிறது. 15 நொடிக்கு ஒருமுறை எந்தச் செயற்கைக்கோள் எந்தக் கருவிக்கு என்று மறுபடி ஒதுக்குகிறார்கள். அதன் முன் நம் 260 கிலோமீட்டர் வேகம் நின்றுகொண்டிருப்பதற்குச் சமம். வேகத்தை வைத்து வாடிக்கையாளர்களைப் பிரிப்பது விலை நிர்ணயிக்கும் ஒரு முறை என்பதே என் கருத்து. நிறுவனத்துக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் திட்டங்களின் பெயரும் விலையும் வேக வரம்பும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதால் இன்றைய மாதக் கட்டணத்தை வைத்து ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிட வேண்டாம். பணம் கட்டும் நாளன்று, நகரும்போது பயன்படுத்தும் வேகம் பற்றிய விதியை முழுவதுமாகப் படியுங்கள். உயர்ந்த கட்டணத் திட்டம் தேவைப்பட்டால் நீங்கள் நீண்ட பயணம் போகும் மாதங்களில் மட்டும் சேர முடியுமா என்று பாருங்கள். உங்கள் ஆறேழு பயணங்களுக்கு அதுவே சிக்கனம்.

கடிகாரமுள்:

நான் பறத்தல் பயிற்றுநர். நண்பரின் கடைசிக் கேள்விக்கு, அதாவது பாதுகாப்புப் பற்றிய கேள்விக்கு, இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

2012 ஜூன் மாதம் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானிகளுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. விமானத்துக்குள் காட்டப்படும் ரேடார் தொகுப்புப் படத்தில் நேரம் என்று எழுதியிருப்பது படம் தொகுக்கப்பட்ட நேரமே தவிர, மழையை ரேடார் பார்த்த நேரம் அல்ல. மிக மோசமான நிலையில் படத்திலுள்ள தகவல், திரையில் காட்டும் வயதைவிட 15 முதல் 20 நிமிடங்கள் வரை கூடுதலாகப் பழையதாக இருக்கலாம் என்பதே அதன் சாரம். டென்னசியின் பிரவுன்ஸ்வில் அருகே 2010-இல் நடந்த மருத்துவ ஹெலிகாப்டர் விபத்தையும், டெக்சஸின் பிரையன் அருகே 2011-இல் நடந்த சிறு விமான விபத்தையும் அதில் எடுத்துக்காட்டியிருந்தார்கள். பிரையன் உங்கள் நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை.

இது எப்படி நேர்கிறது என்று பாருங்கள். ஒரு ரேடார் கீழிருந்து மேலாகப் பல சாய்வுகளில் வானத்தைச் சுற்றி முடிக்க நான்கு முதல் ஆறு நிமிடங்கள் எடுக்கும். நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 160 ரேடார்களும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிப்பதில்லை. அவற்றை ஒன்றாக ஒட்டிப் படமாக்க நேரம் ஆகிறது. படத்தை அனுப்புவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: ஏடிஎஸ்-பி வழியாக வரும் வட்டாரப் படம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையும், நாடு முழுமைக்குமான படம் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படுகின்றன. திரையில் "1 நிமிடம்" என்று இருந்தாலும் அந்த மழை எங்கேயோ நகர்ந்திருக்கும். 40 நாட் வேகத்தில் நகரும் இடிமழை 15 நிமிடத்தில் 10 கடல்மைல் போய்விடும். கடும் இடிமழையிலிருந்து குறைந்தது 20 மைல் விலகியிருங்கள் என்ற அறிவுரையில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

செயற்கைக்கோள் இணையம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும்தான் சுருக்குகிறது. படம் உங்களிடம் வந்து சேரும் நேரம் குறையும். ரேடார் சுற்றும் நேரம் குறையாது. ஆகவே அதே தொகுப்புப் படத்தை வேகமான இணைப்பில் பார்ப்பதற்காக நீங்கள் பணம் செலவிட்டால், பெரும்பகுதி வீண் என்று தயங்காமல் சொல்வேன்.

உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. இணையம் இருந்தால் தொகுப்புப் படத்தை விட்டுவிட்டு, லப்பக் ரேடார் ஒன்றை மட்டும், அதன் மிகத் தாழ்ந்த சாய்வை மட்டும் பார்க்கலாம். மழைக் காலங்களில் அந்தத் தாழ்ந்த சாய்வை இடையிடையே கூடுதலாகச் சுற்றும் முறையை 2014 முதல் பயன்படுத்துகிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு புதிய படம்கூடக் கிடைக்கும். அதைவிடவும் உங்கள் மே மாத அனுபவத்துக்கு நேரடியாக உதவக்கூடியது கோஸ் வானிலைச் செயற்கைக்கோளின் ஒளிப்படம். அது நாடு முழுவதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறது. மேற்கு டெக்சஸில் வசந்தகாலப் பிற்பகல்களில், வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும் கோட்டின் மேல்தான் இடிமேகங்கள் முளைக்கின்றன. முளைக்கும்போது அவற்றில் மழைத்துளி இல்லை. துளி இல்லாததால் ரேடாரில் எதுவும் தெரியாது. ஒளிப்படத்தில் மட்டும் கோட்டின் நெடுக அரிசிப்பொரி சிதறியது போல வெள்ளைப் புடைப்புகள் தெரியும். நீங்கள் ஏங்கிய அந்த அரை மணி நேரம் இருப்பது அங்கேதான். ஏடிஎஸ்-பி வழியாக வரும் தொகுப்பில் இந்தப் படங்கள் இல்லை.

என் மாணவர்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் மடிப்பலகையில் இரண்டு நேரங்களை எழுத வேண்டும்: படத்தில் உள்ள நேரம், கைக்கடிகாரத்தில் உள்ள நேரம். எழுதிய பிறகுதான் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். எந்தப் படத்தையும், இரண்டு இடிமேகங்களுக்கு நடுவே நுழைய வழி தேடப் பயன்படுத்தக் கூடாது. எந்தப் பக்கம் சுற்றிப் போவது, எங்கே இறங்கிக் காத்திருப்பது என்று முடிவு செய்ய மட்டுமே அது உதவும்.

வடதுருவன்:

அலாஸ்காவிலிருந்து எழுதுகிறேன். கடிகாரமுள் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எங்கள் ஊரின் நிலைமையையும் சேர்க்க விரும்புகிறேன்.

ஆங்கரேஜிலிருந்து போர்ட் ஆல்ஸ்வொர்த் செல்லும் சிறு விமானங்கள் லேக் கிளார்க் கணவாய் வழியாகப் போகின்றன. இருபுறமும் பனியாறுகள் தொங்கும் குறுகிய பள்ளத்தாக்கு அது. மலைகளுக்கு நடுவே தாழப் பறப்பதால் தரைநிலையங்களிலிருந்து வரும் ஏடிஎஸ்-பி தகவல் பல இடங்களில் எட்டாது. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்களோ எங்கள் அட்சரேகையில் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி உயரத்தில்தான் தெரியும். தெற்கே ஒரு மலை இருந்தால் அதுவும் போயிற்று. தலைக்கு மேலே ஓடும் தாழ்சுற்றுச் செயற்கைக்கோள்கள் இங்கே எவ்வளவு பெரிய மாற்றம் என்பது இதிலிருந்து விளங்கும்.

நான் காற்றில் இணையம் கொண்டு பார்ப்பது ரேடாரை அல்ல. விமானப் போக்குவரத்து நிர்வாகம் கணவாய்களில் வானிலைக் கேமராக்களை வைத்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில், அதே இடத்தைத் தெளிவான நாளில் எடுத்த படமும் இருக்கும். அதில் எந்த முகடு எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம் என்று குறித்திருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, மூன்று மைல் தள்ளியிருக்கும் முகடு தெரிகிறதா, அடுத்தது தெரிகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். முன்பு இதைக் கிளம்புவதற்கு முன் தரையில் மட்டுமே பார்க்க முடிந்தது. கணவாயின் வாயை அடையும்போது அந்தப் படம் ஒரு மணி நேரம் பழையதாகியிருக்கும். இப்போது வாயில் நுழைவதற்கு முன், திரும்புவதற்கு அகலமான இடம் இருக்கும்போதே பார்க்கிறேன். சென்ற செப்டம்பரில் கிழக்குப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேற்குக் கேமராவில் தெளிவான நாளின் மூன்று முகடுகளில் ஒன்றுகூட இல்லை. நுழையாமல் திரும்பினேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த இணைப்பின் அலைவரிசை கனமழையில் மங்கும். இரிடியத்தின் தாழ்ந்த அலைவரிசை அப்படி மங்குவதில்லை. கொட்டும் மழைக்கு அடியில் சிக்கிக்கொண்ட பிறகு மினி உதவும் என்று நம்ப வேண்டாம். அதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்திருக்க வேண்டும். தரையில் மோதி மின்சாரம் போய்விட்டால் மினி வெறும் தட்டு. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரச் சமிக்ஞைக் கருவியும், சட்டைப்பையில் இரிடியம் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியும் எப்போதும் என்னிடம் இருக்கும்.

ஓடுபாதை27:

மற்றவர்களோடு நான் உடன்படவில்லை என்பதை மரியாதையுடன் பதிவு செய்கிறேன். சிறு விமானத்தில் ஒரே ஒரு விமானி இருக்கிறார். அவருடைய கவனம்தான் அந்த விமானத்தின் மிக அரிய பொருள். 2014 மே மாத இறுதியில் கொலராடோவின் வாட்கின்ஸ் அருகே ஒரு செஸ்னா 150 இரவில் விழுந்து இருவர் இறந்தார்கள். தாழ்ந்த உயரத்தில் கைபேசியைப் பயன்படுத்தியதால் விமானியின் கவனம் சிதறி, திசையுணர்வு குழம்பியிருக்கலாம் என்று விசாரணை முடிவு கூறியது. அதற்குச் சற்று முன் செய்த பறப்புகளின் காணொளியில், விமானி கைபேசியில் தன்னைப் படமெடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வீட்டில் உள்ள அத்தனை செய்தியும் அறிவிப்பும் உள்ளே வரும்படி நாமே கதவைத் திறந்துவிட்டு, பாதுகாப்புக்காகத் திறந்தேன் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் தலைமுறை நிலைய வானிலையைக் கேட்டது, சன்னலுக்கு வெளியே பார்த்தது, பிடிக்கவில்லை என்றால் இறங்கியது.

கடிகாரமுள்:

உங்கள் கவலை நியாயமானது. அதனால்தான் கருவியைப் பற்றிப் பேசும்போதே அதை யார் கையாள்வது என்பதையும் பேச வேண்டும் என்கிறேன். தாழ்வானம் தனியாகப் பறப்பதில்லை. வலது இருக்கையில் மனைவி இருக்கிறார். அவருக்கு ஒரு பிற்பகல் உட்கார்ந்து கோஸ் படத்தையும் லப்பக் ரேடாரையும் படிக்கக் கற்றுக்கொடுத்தால், விமானத்தில் கவனம் குறையாது, கூடும். விமானியின் கைபேசி அந்த இணைப்பில் சேரவே கூடாது. சேர்வது ஒரே ஐபேட், அதில் செய்திச் செயலிகள் எதுவும் இருக்கக் கூடாது. இறங்கத் தொடங்கியதும் ஐபேடை மூடிவிட வேண்டும். தனியாகப் பறப்பவருக்கு, குறிப்பாக மேகத்துக்குள் கருவிவழிப் பறப்பவருக்கு, நான் இவ்வளவு எளிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அளவில் நீங்கள் சொல்வதோடு உடன்படுகிறேன்.

ஓடுபாதை27:

இரண்டாவது ஆள் கையாள்வார் என்றால் என் மறுப்பில் பாதியை விலக்கிக்கொள்கிறேன். தனி விமானியைப் பற்றிய மீதிப் பாதி அப்படியே நிற்கிறது.

மின்கம்பி:

சட்டத்தைப் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கையடக்க மின்னணுக் கருவிகளைப் பற்றிய அமெரிக்க விதி 91.21, சொந்த விமானத்தில் கருவிவழிப் பறக்கும்போது, அந்தக் கருவி வழிகாட்டு அமைப்புகளையும் தகவல்தொடர்பையும் பாதிக்கவில்லை என்று தீர்மானிக்கும் பொறுப்பை இயக்குபவரிடம், நடைமுறையில் விமானியிடமே, விடுகிறது. எனவே ஒரு தெளிவான நாளில் மினியை இயக்கியும் அணைத்தும் ஒவ்வொரு வானொலியையும் வழிகாட்டுக் கருவியையும் சோதித்து, அந்தச் சோதனையைக் குறித்து வையுங்கள். தட்டாகத் தூக்கிக்கொண்டு போகும் வரை அது கையடக்கக் கருவி. விமானத்தின் மின்பலகையில் நிரந்தரமாக இணைத்தாலோ, உடலில் துளையிட்டுப் பொருத்தினாலோ, அது மாற்றம் ஆகிவிடும். உரிமம் பெற்ற தொழில்நுட்பர் செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். கைபேசிகளைப் பறப்பு நிலையில் வைத்து வைஃபையை மட்டும் இயக்குங்கள். 800 மெகாஹெர்ட்ஸ் கைபேசி இணைப்பைக் காற்றில் பயன்படுத்தத் தகவல்தொடர்பு ஆணையத்தின் தடை இன்றும் உள்ளது. அதைத் தளர்த்தும் முன்மொழிவை 2020-இல் கைவிட்டார்கள்.

கரையோரம்:

சென்னையிலிருந்து வாசிக்கிறேன். அமெரிக்காவில் வாங்கிய மினியை இங்கே கொண்டுவந்து பயிற்சி விமானத்தில் பயன்படுத்தலாமா?

பழைய அலைவரிசை:

தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். இந்தியாவில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றமாகும். செயற்கைக்கோள் தொலைபேசியுடன் வந்த வெளிநாட்டவர்கள் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கிடைத்தது உண்மை. ஆனால் வெளிநாட்டில் பதிவு செய்த கருவியை இங்கே இயக்க அது அனுமதி ஆகாது. விமானத்தில் இணையம் பற்றிய 2018-ஆம் ஆண்டு விதிகள் 3,000 மீட்டருக்கு மேலே பயன்படுத்துவதைக் கணக்கில் கொண்டு எழுதப்பட்டவை. பயிற்சி விமானங்கள் பெரும்பாலும் அந்த உயரத்துக்குப் போவதே இல்லை.

தாழ்வானம்:

அனைவருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன், ஒரு பயணமும் முடிந்தது. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு சனிக்கிழமை, பறக்காமல் ஓடுபாதை ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை இயக்கி, எல்லா வானொலிகளையும் சோதித்தோம். பின்தட்டில் பட்டையால் கட்டினேன். திசைகாட்டி அசையவில்லை. மின்கம்பி ஐயா எச்சரித்தபடியே, நீளக் கம்பியில் இரண்டு முறை கருவி அணைந்து தொடங்கியது. அன்றைக்கு மின்கலத்துக்கு மாறிவிட்டேன்.

இந்த மே மாத நடுவில் சாண்டா ஃபேவுக்குக் கிளம்பினோம். ஐபேட் மனைவியிடம் இருந்தது. லப்பக்குக்கு முன்னால் வரும் அபிலீன் நகரைத் தாண்டியபோது, "ரேடாரில் ஒன்றும் இல்லை, ஆனால் ஒளிப்படத்தில் மாநில எல்லையை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு வரிசை புடைப்புகள் இருக்கின்றன" என்றார். என் மடிப்பலகையில் உலகப் பொது நேரத்தில் (எங்களுக்கு அது பிற்பகல்) எழுதினேன்: படம் 19:36, கடிகாரம் 19:44. அடுத்த படம் 19:41, கடிகாரம் 19:49. இரண்டு படங்களுக்கு நடுவே அந்தப் புடைப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. சன்னலுக்கு வெளியே மேற்கில் வெறும் வெண்மூட்டம்தான். நான் தனியாக இருந்திருந்தால் தொடர்ந்து போயிருப்பேன். திரும்பி அபிலீனில் இறங்கினோம். எரிபொருள் நிரப்பும் வண்டி வருவதற்குள் ரேடாரில் முதல் பச்சைப் புள்ளி தோன்றியது. நாங்கள் சாப்பிட்டு முடித்தபோது லப்பக்கின் மேற்கே ஒரு சிவப்புக் கோடு நின்றது. திரும்பும்போதே மனைவி மகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டதால், அவள் இரவு உணவை மறுநாளைக்கு மாற்றிக்கொண்டாள்.

சாய்வாகத் திரும்பும்போது இணைப்பு பத்து, பதினைந்து நொடிகள் அறுகிறது; நேராக்கியதும் வருகிறது. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. திட்டத்தை அடுத்த மாதம் நிறுத்திவைத்து, செப்டம்பரில் மறுபடி தொடங்கப் போகிறேன்.

மின்கம்பி ஐயா, அடுத்த மாதம் ஆண்டுப் பரிசோதனை வருகிறது. பின்தட்டு வரை தடித்த கம்பி இழுத்து, மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் தனி மின்சுற்று முறிப்பானுடன் ஒரு மின்செருகு துளை வைத்துவிட்டால் மின்கலத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். என் தொழில்நுட்பரிடம் எந்தத் தடிமன் கேட்க வேண்டும்?

மின்கம்பி:

பதினெட்டாம் எண் கம்பி மூன்று ஆம்பியருக்குப் போதும். உங்கள் நீளத்துக்கு அதைவிடத் தடித்த பதினாறாம் எண்ணைக் கேளுங்கள். முறிப்பான் 5 ஆம்பியர். பதிவேட்டில் எழுதச் சொல்ல மறக்க வேண்டாம். கருவி முழுச் சுமையில் ஓடும்போது பின்தட்டு முனையில் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து இங்கே எழுதுங்கள். உங்களைப் போன்ற 14 வோல்ட் விமானம் வைத்திருப்பவர்களுக்கு அந்த எண் உதவும்.